ஷுகர் கிளைடர் சினையாக இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு ஃபிளாட்டின் ஒன்பதாவது மாடியில் ஷுகர் கிளைடர் வளர்க்கிறேன். மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும் சின்ன விலங்கு இது. பெண்ணுக்குப் பெயர் சீனி, ஆணுக்கு வெல்லம். சீனி இதுவரை மூன்று முறை குட்டி போட்டிருக்கிறாள். முதல் முறை பிறந்த இரண்டையும் என் அறியாமையால் இழந்தோம். அதற்கப்புறம் படித்தது, மருத்துவரிடம் கேட்டது, இரவெல்லாம் கூண்டருகே உட்கார்ந்து பார்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள். பிரிக்ஃபீல்ட்ஸ், கெப்போங், பத்துமலைப் பக்கமிருந்து கேட்பவர்களுக்குத் தனித்தனியாக எழுதி வந்தேன். இனி ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அக்கா, என் கிளைடர் சினையாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சினையாக இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் உண்மை. ஷுகர் கிளைடர் கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள விலங்கு. கருப்பைக்குள் குட்டி இருப்பது வெறும் 15 முதல் 17 நாள்தான். பிறக்கும்போது அதன் எடை சுமார் 0.2 கிராம், ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். கண் இல்லை, காது இல்லை, பின்னங்கால் வெறும் மொட்டு. முன்னங்கால்களும் வாயும் மட்டும் வேலை செய்யும். தாய் தன் வயிற்று முடியை நக்கி ஈரப்படுத்திக் கொடுக்கும் வழியில் அது தானாகவே ஊர்ந்து பைக்குள் போய், ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். காம்பின் நுனி அதன் வாய்க்குள் பருத்துவிடுவதால், வளரும் வரை பிடி விடாது.

இவ்வளவும் ஓர் இரவில் நடந்து முடிந்துவிடும். நீங்கள் காலையில் பார்க்கும்போது அவள் வழக்கம்போலச் சுருண்டு தூங்கிக்கொண்டிருப்பாள். பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து வயிற்றின் ஒரு பக்கம் சின்னப் புடைப்பு தெரியும்போதுதான் நமக்கு விஷயமே தெரியவரும். அதாவது, நீங்கள் "சினை" என்று சொல்லும் நேரத்தில் அவள் குட்டி ஈன்று பல நாள் ஆகியிருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் வரும் பாதிக் கேள்வி "கர்ப்பமாக இருக்கும்போது என்ன ஸ்பெஷலாகக் கொடுக்கலாம்" என்பதுதான். அந்த 16 நாளுக்காகத் தனியாக எதுவும் செய்ய முடியாது, தேவையும் இல்லை. அவள் உடம்பை உருக்குவது அதற்குப் பின்னால் வரும் நான்கு மாதப் பால் கொடுக்கும் காலம். பையில் 60, 70 நாள், வெளியே வந்த பிறகு இன்னும் எட்டு வாரம். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்து, ஆணுக்குக் கருத்தடை செய்யவில்லை என்றால், இன்றைக்கே சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். புடைப்பு தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வயிறு பெரிதாக இருக்கிறது. கொழுப்பா, குட்டியா?

கொழுத்த கிளைடர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருண்டிருக்கும். பையில் குட்டி இருந்தால் வயிற்றின் இடப்பக்கமோ வலப்பக்கமோ தனிப் புடைப்பு தெரியும். இரண்டு குட்டி என்றால் இரு பக்கமும், நடுவில் பள்ளம் விழுந்த மாதிரி. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுதான்.

படம் அனுப்பி "குட்டி ஒன்று வெளியே தொங்குகிறது" என்று பதறுபவர்களும் உண்டு. அது ஆண். கிளைடர் ஆணுக்கு விதைப்பை வயிற்றின் நடுப்பக்கமாக, முடி மூடிய சிறு பந்துபோலத் தொங்கும். ஆணுக்கு வயது வந்த பிறகு தலை உச்சியில் சொட்டை விழும், அது நோயில்லை, வாசனைச் சுரப்பி இருக்கும் இடம். இந்த இரண்டையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பைக்குள் விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. காம்பிலிருந்து ஒரு முறை பிரிந்துவிட்டால் சின்னஞ்சிறு குட்டியால் திரும்பப் பற்றிக்கொள்ள முடியாது.

எந்த வாரத்தில் என்ன தெரியும்?

பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் பட்டாணி அளவு. ஒரு மாதம் கடந்தால் தோலோடு இருக்கும் நிலக்கடலை மாதிரி, தொடாமலே தெரியும். ஏழு எட்டு வாரத்தில் பையின் வாய் வழியாக ஒரு வாலோ காலோ எட்டிப்பார்க்கும், திரும்ப உள்ளே போய்விடும். பார்த்ததும் கை போய்விடாதீர்கள், அது இயல்பு. 60 முதல் 70 நாளுக்குள் முழுதாக வெளியே வந்து, தாயின் முதுகிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டு திரியும். கண் திறக்க மேலும் ஒன்றரை வாரம்வரை ஆகும்.

குட்டி வெளியே வந்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பிறந்த நாள் நமக்கு ஒருபோதும் சரியாகத் தெரியாது. அதனால் எல்லாக் கணக்கும் இந்த நாளிலிருந்துதான்.

சரி, என்ன சாப்பாடு கொடுப்பது?

காட்டில் இவை என்ன சாப்பிடுகின்றன என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். ஆஸ்திரேலியா, நியூ கினி காடுகளில் மரப்பட்டையைக் கடித்து யூகலிப்டஸ் மரத்தின் சாறு, அக்கேசியா மரத்தின் பிசின், பூந்தேன், மகரந்தம், கூடவே நிறையப் பூச்சிகள். பெயரில் சர்க்கரை இருப்பதால் பழம் மட்டும் போதும் என்று நினைத்துவிடுகிறோம். பழத்தில் போதுமான புரதமும் இல்லை, போதுமான சுண்ணாம்புச்சத்தும் இல்லை. குட்டிக்குப் பால் கொடுப்பவளுக்கு இந்த இரண்டும்தான் வேண்டும்.

நான் கொடுப்பது லெட்பீட்டர் கலவை. கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவு இது: 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 150 மில்லி தேன், ஓடு நீக்கிய ஒரு வேகவைத்த முட்டை, 25 கிராம் புரதம் மிகுந்த குழந்தைத் தானிய மாவு, ஒரு தேக்கரண்டி விட்டமின்-தாதுப் பொடி. தண்ணீரில் தேனைக் கரைத்துக்கொள்ளுங்கள். முட்டையைத் தனியே மிக்சியில் மசித்து, தேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பிறகு பொடி, கடைசியில் மாவு. ஒவ்வொன்றையும் சேர்த்ததும் ஒரு சுற்று சுற்றினால் கட்டி தட்டாது. தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்கும். ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்துவிட்டால் தினமும் இரண்டு கட்டியை எடுத்து இளகவிடலாம். ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் மூன்று நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை.

இரவு எட்டு மணிக்கு ஒரு கிளைடருக்கு ஒரு மேசைக்கரண்டி கலவை, அதே அளவுக்குப் பொடியாக நறுக்கிய காயும் பழமும், இரண்டு மூன்று பூச்சிகள். இது சாதாரண நாள் கணக்கு. பையில் புடைப்பு தெரிந்ததும் இதே சாப்பாட்டையே சற்று அதிகமாக வைக்கிறேன், பூச்சி ஐந்தாறு ஆகும். குட்டி வெளியே வந்த முதல் மாதம்தான் சீனி உண்மையிலேயே பசியோடு இருந்தாள். இரவு இரண்டு மணிக்குப் பார்த்தால் கிண்ணம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அப்போது இன்னொரு கரண்டி கலவை வைத்தேன். காலையில் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், அதுதான் அளவு. மிச்சமே இல்லை என்றால் மறுநாள் கூட்டுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குட்டி இருப்பது தெரிந்த அன்றே இதுவரை கொடுத்ததை நிறுத்திவிட்டுப் புதுச் சாப்பாட்டுக்கு மாறாதீர்கள். புதுக் கலவையை முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் பட்டினி கிடக்கும் பிடிவாதம் இந்த விலங்குக்கு உண்டு. மாற்ற வேண்டும் என்றால் பழையதில் கால் பங்கு புதியது என்று ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் மாற்றுங்கள்.

சுண்ணாம்புச்சத்து, கால்சியம் என்று ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம்தான். குட்டியின் எலும்பு முழுவதும் தாயின் பாலில் இருந்து வருகிறது. சாப்பாட்டில் கால்சியம் போதவில்லை என்றால் அவள் தன் எலும்பைக் கரைத்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் பின்னங்கால் நடுங்கும், பிறகு இழுத்துக்கொண்டு நடப்பாள், எலும்பு சாதாரணத் தாவலிலேயே உடையும். ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் கொண்டுபோனால் பலவற்றை மீட்க முடியும். ஒரு வாரம் பார்க்கலாம் என்று விட்டால் முடியாது.

கணக்கு இதுதான்: சாப்பாடு மொத்தத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்குக்கு அருகில் இருக்க வேண்டும். பப்பாளியில் இந்த விகிதம் தானாகவே அமைந்திருக்கிறது. ஆரஞ்சும் நல்லது. பாசாரில் (சந்தையில்) கிடைக்கும் சாவிக் கீரை, அதாவது கடுகுக் கீரை வகை, மிக நல்லது. வாழைப்பழம், திராட்சை, மக்காச்சோளம் மூன்றிலும் பாஸ்பரஸ்தான் தூக்கலாக இருக்கும், அதனால் அவை எப்போதாவது ஒரு துண்டு. பசலையும் பாயம் என்னும் முளைக்கீரையும் நமக்கு நல்ல கீரைகள், ஆனால் அவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம். அதனால்தான் பூச்சிமேல் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியைத் தூவிக் கொடுக்கிறோம். வெறும் சிட்டிகைதான். கலவையில் ஏற்கெனவே தாதுப் பொடி இருந்தால் எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நம்முடைய கால்சியம் மாத்திரையை நுணுக்கிப் போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் சுத்த சைவம். புழு, முட்டை இல்லாமல் வளர்க்க முடியுமா?

இது நம்மவர்களிடமிருந்து மட்டுமே வரும் கேள்வி, புரிந்துகொள்கிறேன். என் மாமியார் வீட்டில் இருந்தபோது எனக்கும் இதே பிரச்சினைதான். பால் கொடுக்கும் கிளைடருக்கு விலங்குப் புரதம் இல்லாமல் முடியாது. பருப்பும் டோஃபுவும் அதற்கு ஈடாகாது. புரதம் போதாதபோது தாய் குட்டியைக் கைவிடுவதும், தின்றுவிடுவதும்கூட நடக்கிறது.

பறவைக் கடையில் மாவுப் புழுவும் சில்வண்டும் சிறு டப்பாக்களில் கிடைக்கும். அந்த டப்பாவை அடுக்களைக்குள் கொண்டுவராமல் பால்கனியில் வைக்கலாம், தனி இடுக்கி, தனி கிண்ணம் வைத்துக்கொள்ளலாம். கலவையைத் தனி மிக்சி ஜாரில் அடிக்கலாம். புரட்டாசி மாதமும் வெள்ளிக்கிழமையும் நமக்குத்தான். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், தயவுசெய்து ஆணுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். அதற்கப்புறமும் புரதத் தேவை இருக்கும், ஆனால் பால் கொடுக்கும் பாரம் இருக்காது.

புழுவை வாங்கியதும் அப்படியே கொடுக்காமல் ஒரு நாள் கேரட், சர்க்கரைவள்ளித் துண்டு போட்டுத் தின்னவிடுங்கள். புழு எதைத் தின்றதோ அதுதான் உங்கள் கிளைடருக்குப் போகிறது. மாவுப் புழுவில் கொழுப்பு அதிகம், அதைவிடச் சில்வண்டு நல்லது.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது போல பூண்டு, சுக்கு, பால் ஏதாவது?

வேண்டாம். பால் சுரக்கட்டும் என்று ஒரு பாட்டி அன்போடு பூண்டுப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டதாக என்னிடம் சொன்னார்கள். நல்லவேளை, கிளைடர் அதைத் தொடவில்லை. பூண்டு, வெங்காயம் இரண்டும் இந்தச் சின்ன உடம்புக்கு விஷம். பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். சாக்லெட், மைலோ, காப்பி, தேநீர், உப்பு உறைப்புப் போட்ட எதுவும் ஆகாது. அவகாடோவையும் தவிர்த்துவிடுங்கள். பழ விதைகளை எடுத்துவிட்டே கொடுங்கள்.

தண்ணீர்?

கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். பாட்டிலும் வையுங்கள், கனமான சின்னக் கிண்ணமும் வையுங்கள். பாட்டிலின் உருண்டை சிக்கிக்கொண்டால் காலை வரை நமக்குத் தெரியாது, பால் கொடுப்பவள் ஓர் இரவிலேயே வறண்டுபோவாள். கிள்ளாங் பள்ளத்தாக்கில் தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்தால் வீட்டுக்குப் பிடித்துவைக்கும்போது இவர்களுக்கும் இரண்டு பாட்டில்.

கூண்டை எங்கே வைப்பது? ஏர்கான் போடலாமா?

24 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக இருப்பார்கள். நம் ஊர் மதியம் 33 டிகிரியைத் தொடும். மேற்குப் பார்த்த ஜன்னலோரம் கூண்டை வைக்கவே கூடாது. ஏர்கான் போடலாம், 26-இல், காற்று நேராகக் கூண்டில் படாமல். ஆனால் குட்டி வெளியே வந்த முதல் இரண்டு வாரம் அதற்கு முடி மிக லேசாகத்தான் இருக்கும், சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அப்போது ஏர்கானை நிறுத்திவிட்டு, கூட்டில் (கூண்டுக்குள் அவர்கள் தூங்கும் இடம்) ஃபிளீஸ் துணி ஒன்று கூடுதலாக வைப்பேன். பழைய டவல், பின்னல் துணி வேண்டாம், நூலில் நகம் மாட்டிக்கொண்டு காலையே முறித்துக்கொள்ளும்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு டிங்கிப் புகையடிப்பு பெரிய தொல்லை. கொசுவைக் கொல்லும் மருந்து இந்தச் சின்ன நுரையீரலுக்கும் கெடுதல்தான். அறிவிப்பு ஒட்டிய அன்றே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூண்டோடு உறவினர் வீட்டுக்கு ஒரு மாலை போய்விடுங்கள். முடியாவிட்டால் நடைபாதைக்கு எதிர்ப்புற அறையில் ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, சாப்பாட்டுக் கிண்ணங்களை எடுத்துவிடுங்கள். புகை முழுதும் கலைந்த பிறகு கூண்டுக் கம்பிகளை வெறும் ஈரத்துணியால் துடையுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி எரியும் அறையிலும் கூண்டு வேண்டாம். இந்தோனேசியப் புகைமூட்டம் வரும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தியே வையுங்கள்.

தீபாவளி வெடிச் சத்தமும் உறுமி மேளமும் இவர்களை நடுங்கவைக்கும். அந்த இரவுகளில் கூண்டின் மூன்று பக்கமும் கனத்த துணி போட்டு, உள்ளறையில் வைத்துவிடுங்கள்.

குட்டி வந்ததும் ஆணைப் பிரித்து வைக்க வேண்டுமா?

பிரிக்காதீர்கள். எலி, வெள்ளெலி வளர்த்த பழக்கத்தில் பலர் இதைச் செய்துவிடுகிறார்கள். கிளைடர் ஆண் நல்ல தகப்பன். சீனி சாப்பிட இறங்கும் நேரமெல்லாம் வெல்லம் குட்டிகள்மேல் போர்வையாகப் படுத்துக்கொள்வான். ஒருநாள் இரவு ஒரு குட்டி கூட்டின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. அவன் வாயால் கவ்வாமல், தன் முன்னங்கைகளால் அதை அணைத்து இழுத்துத் தன் வயிற்றுக்கு அடியில் சேர்த்துக்கொண்டான். ஆணைப் பிரித்தால் இந்தச் சூடும் போகும், தாய்க்கு ஓய்வும் போகும், துணையை இழந்த பதற்றத்தில் அவள் குட்டிகளையே விட்டுவிடவும் கூடும்.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம். அவன் சொந்தத் துணையாக இருக்க வேண்டும். புதிதாக வந்த ஆண் முந்தையவனின் குட்டியைக் கொல்லக்கூடும். இன்னொன்று, குட்டி வளரும்போதே அவள் அடுத்ததற்குத் தயாராகிவிடுவாள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஈன்றால் எந்தச் சாப்பாட்டாலும் ஈடுகட்ட முடியாது. ஆணுக்குக் கருத்தடை செய்வதுதான் வழி. சிறிய அறுவை, வெல்லத்துக்குச் செய்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றிரவே கலவை சாப்பிட்டான். அறுவைக்குப் பிறகும் சில வாரம் விந்து மிச்சம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கையில் எடுக்கலாமா? கூண்டைக் கழுவலாமா?

பையில் குட்டி இருக்கும்போது, அவளாக உங்கள் கைக்கு வந்தால் எடுக்கலாம். இறுக்கிப் பிடிக்காமல், வயிற்றை அழுத்தாமல். கழுத்துப் பையில் போட்டு மாலுக்குக் கூட்டிப்போவது இப்போது வேண்டாம். எடை பார்ப்பது நல்ல பழக்கம்: துணிப்பையோடு சமையலறைத் தராசில் வைத்து, பையின் எடையைக் கழித்தால் போதும். குட்டி வளரும்போது எடை ஏற வேண்டும். குட்டி வெளியே வந்த பிறகு அவளுடைய பழைய எடைக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சாப்பாடு போதவில்லை.

இனி, கழுவுவது. என் முதல் இரண்டு குட்டிகளை நான் இழந்தது இதில்தான். குட்டிகள் வெளியே வந்து மூன்றாம் நாள். வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள், கூண்டு வாசனை அடிக்கிறது என்று கம்பியிலிருந்து கூடு வரை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் துணியும் மாற்றி, ஹாலில் வைத்தேன். மாலை முழுக்க ஆறேழு பேர் எட்டிப்பார்த்தார்கள். சீனி கூட்டுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தாள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் ஒரு குட்டியின் கால் மட்டும் கூட்டில் கிடந்தது. இன்னொன்று அடித்தட்டில், விறைத்துப்போய்.

இவர்களுக்கு வீடு என்பதே வாசனைதான். அந்த வாசனையை ஒரே நாளில் அழித்துவிட்டால், இந்த இடம் ஆபத்து என்று எடுத்துக்கொள்வாள். அன்றிலிருந்து நான் பின்பற்றுவது: குட்டி வெளியே வந்த முதல் இரண்டு வாரம் அடித்தட்டை மட்டும் மாற்றுவேன், கூட்டைத் தொடமாட்டேன். அதற்கப்புறமும் கூடு, துணி, கம்பி மூன்றையும் ஒரே நாளில் கழுவுவதில்லை. இரண்டு கூடு இருந்தால் ஒன்றைக் கழுவி ஒன்றை விடுங்கள். விருந்தினரிடம் "தூங்குகிறார்கள், இன்னொரு நாள்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குட்டி கீழே விழுந்து கிடக்கிறது!

முதலில் சூடு. உள்ளங்கையில் மூடி, உங்கள் உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிர்ந்திருக்கும் குட்டிக்கு எதையும் ஊட்டாதீர்கள், ஜீரணமாகாது. உடம்பு வெதுவெதுப்பாகி அசையத் தொடங்கியதும், முடி அரும்பிய குட்டி என்றால் கூட்டுக்குள் அப்பா அம்மாவின் நடுவில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, தள்ளி வந்துவிடுங்கள். பெரும்பாலும் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அரை மணி கழித்து மெல்லப் பாருங்கள்.

மீண்டும் மீண்டும் தள்ளிவிட்டால் அன்றே மருத்துவரிடம். கைப்பால் ஊட்ட நேர்ந்தால் அதற்கான பால் மாவு, அளவு, இடைவெளி எல்லாம் அவர் சொல்படி. 1 மில்லி ஊசிக்குழாயில் துளித் துளியாக, குட்டி குப்புறப் படுத்த நிலையில், அது நக்கிக் குடிக்க வேண்டும். வாய்க்குள் பீச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். முடியே இல்லாத இளஞ்சிவப்புக் குட்டி பையிலிருந்து விழுந்திருந்தால் பிழைப்பது மிகக் கடினம். அப்படி நேர்ந்தால் உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், முதல்முறை தாய்களுக்கு இது நடப்பதுண்டு.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பின்னங்கால் இழுத்தல், நடுக்கம், பையிலிருந்து ரத்தமோ கெட்ட வாடையோ, பையை விடாமல் நக்கி முடி கொட்டுதல், ஓர் இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, முதுகுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் கூடாரம்போல நிற்பது. இதில் எது தெரிந்தாலும் அன்றே போங்கள். 100 கிராம் சொச்சம் உடம்பில் எல்லாமே வேகமாக நடந்துவிடும்.

நாய் பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கும் கிளைடரைப் பார்ப்பதில்லை. அவசரம் வருவதற்கு முன்பே உங்கள் பகுதியில் போன் செய்து, "ஷுகர் கிளைடர் பார்ப்பீர்களா, எத்தனை மணி வரை" என்று கேட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது, அங்கும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

உரிமம் வேண்டுமா?

தீபகற்பத்தில் வனவிலங்கு விஷயங்களை 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை கவனிக்கிறது. ஜோடியை வைத்திருக்க, குட்டியை இன்னொருவருக்குக் கொடுக்க என்ன ஆவணம் வேண்டும் என்று அவர்கள் அலுவலகத்திலேயே கேளுங்கள். குட்டி பிறப்பதற்கு முன்பே கேட்பது நல்லது. வாங்கும்போது கடையில் கொடுத்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

குட்டியை எப்போது தாயிடமிருந்து பிரிக்கலாம்?

வெளியே வந்து மூன்று நான்கு வாரத்தில் தாயின் வாயை நக்கிக் கலவையின் ருசியைப் பழகும், பிறகு கிண்ணத்துக்கு வரும். ஆனாலும் பால் குடித்துக்கொண்டுதான் இருக்கும். வெளியே வந்த நாளிலிருந்து எட்டு வாரம் முடியாமல் பிரிக்கக் கூடாது. நான் பத்து வாரம் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றாகவே போகும் வீடாகப் பார்க்கிறேன், இவை தனியாக வாழும் இனமில்லை.

உங்களிடமே வைத்துக்கொள்வதானால் இன்னொரு கணக்கு. பெண் குட்டி எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். தகப்பனுக்கும் அண்ணன் தம்பிக்கும் அதற்குள் கருத்தடை முடிந்திருக்க வேண்டும். கடையில் "ஜோடி" என்று சொல்லி விற்பது பல நேரம் உடன்பிறப்புகளாகவே இருக்கும். ஒரே கூண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களா என்று நினைத்துப் பாருங்கள். அப்படியென்றால் அந்த ஜோடியைக் குட்டி போட விடாதீர்கள்.

சீனியின் கடைசிப் பெண் குட்டி கெப்போங்கில் ஓர் ஆசிரியை வீட்டில் தன் தம்பியோடு இருக்கிறது. கொடுத்தனுப்பும்போது சீனியின் கூட்டிலிருந்து கழுவாத ஃபிளீஸ் துணி ஒன்றையும், உறைந்த கலவை ஒரு தட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். புது வீட்டில் முதல் இரவே சாப்பிட்டுவிட்டு அந்தத் துணிக்குள் போய்ப் படுத்துக்கொண்டதாம். நீங்களும் குட்டியை அனுப்பும்போது இந்த இரண்டையும் கொடுத்தனுப்புங்கள்.